ஆடாமல் நிற்க மூன்று கால்

லேசர் பாயிண்டரை மொப் தடியில் டேப் சுற்றி ஒட்டியது என்னுடைய ஐடியா. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். அத்தானுக்கு மான் வேட்டைக்கு ஒரு தாங்குதடி தேவைப்பட்டது. துவக்கின் முன்பகுதியைச் சாய்த்துவைத்துச் சுடுவதற்கான தடி. ஒற்றைக்காலில் இருக்கிறது, இரண்டு காலில் இருக்கிறது, மூன்று, நாலு என்றும் விற்கிறார்கள். எது நல்லது என்று அவர் ஒரு கிழமையாக இணையத்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரரின் சண்டைகளை வாசித்துக்கொண்டிருந்தார். இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற மச்சாள் ஒருத்தி பின்னறையில் இருக்கும்போது ஒரு மனிதர் இப்படிச் சீரழியலாமா?

அது 2009, ஒக்டோபர். தோர்ண்டன் ஹீத்தில் அக்கா வீட்டில் தங்கி யூனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தான் மன்னார்க்காரர். நோர்வேயின் வடக்கு மூலையில் பல வருடம் பாயிலர் பூட்டிக்கொண்டிருந்தவர். அங்கே வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸாகி, வேலைத்தளத்து ஆட்களோடு வருடா வருடம் கலைமான் சுடப் போவார். பனிக்குள் சிவப்புத் தொப்பியோடு நிற்கிற ஒரு போட்டோ உண்டு. வரிசையில் பல்லை முழுதாகக் காட்டிக்கொண்டு நிற்பவர் அவர் ஒருவர்தான். பிறகு அக்கா, அந்த இருட்டுக்குள் இன்னொரு மாரிகாலத்தை என்னால் தள்ள ஏலாது என்று சொல்ல, இருவரும் லண்டனுக்கு வந்துவிட்டார்கள். இங்கேயும் பாயிலர்தான். மான் இல்லை.

அதற்கு முந்தின வருடம் ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டில் ஏணி சறுக்கி இடது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கலாம், ஸ்பானர் திருப்பலாம். கையை நீட்டிப் பாரமாக எதையாவது பிடித்தால்தான் சிக்கல். நாலைந்து மூச்சு பொறுக்கும், பிறகு ஆடத் தொடங்கிவிடும். துவக்கைத் தாங்குவது அந்தக் கைதான்.

இந்த நிலையில், பாயிலர் திருத்தப் போன ஒரு பெரிய வீட்டின் சுவரில் கொம்பைக் கண்டுவிட்டு, இது கலைமான்தானே என்று இவர் வாயைத் திறந்திருக்கிறார். வீட்டுக்கார வெள்ளையருக்குப் புளுகத்தில் வாயெல்லாம் பல். அவருக்குத் தெற்கே, கடலுக்குப் போகிற வழியில், காடும் சரிவுமாக ஒரு பண்ணை. மான் பெருகி மரக்கன்றுகளையெல்லாம் தின்று தீர்க்கிறது, நவம்பரில் வந்து ஒன்றைச் சுடு என்றார். துவக்கு அவருடையது. கூடவே அவருடைய வேட்டைக்காரர் வருவார். முதலில் காகித மானில் சுட்டுக் காட்ட வேண்டும். தடியை மட்டும் நீயே கொண்டு வா, ஒவ்வொருவரின் உயரத்துக்கும் ஒவ்வொரு தடி என்றாராம்.

ஆகவே, துவக்குக்குப் பதிலாக மொப்.

தோட்டத்து மூங்கில் கம்புகளைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டி எல்லா வகைத் தடியையும் மாதிரிக்குச் செய்தோம். எங்கே குறி வைப்பது என்பதில்தான் முதல் சண்டை. ஹோலின் ஒரு சுவரில் மாதா, ஒரு சுவரில் அவர்களின் கலியாணப் படம், ஒரு சுவரில் ரிவி. முகம் உள்ள ஒன்றையும் குறி பார்க்க மாட்டேன் என்று அத்தான் ஒரே பிடி. கடைசியில் ஹோலிலிருந்து குசினிக் கதவூடாகத் தெரிந்த பாயிலரின் அழுத்தமானிதான் மான் ஆனது.

ஒற்றைக்காலில் சிவப்புப் பொட்டு மொய்க்கிற இலையான் மாதிரிப் பாயிலர் முழுவதும் அலைந்தது. இரண்டு காலில் மேல்கீழ் ஆட்டம் நின்றது, பக்கவாட்டில் மட்டும் போய்வந்தது. மூன்று காலில் மானியின் முள்ளிலேயே கிடந்து மெல்லத் துடித்தது. நாலு காலும் ஆடவில்லைதான், ஆனால் அதைத் தூக்கித் திருப்புவதற்குள் மான் வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

"பாத்தீங்களோ? மூண்டு கால் எந்தத் தரையிலயும் ஆடாது. உங்கட குசினி மேசைக்கு நாலு கால். அதுதான் கோயில் நோட்டீசை மடிச்சு ஒரு காலுக்குக் கீழ செருகி வைச்சிருக்கிறீங்கள்."

"அது உங்கட அக்கா பாத்து வாங்கின மேசை. எனக்குச் சொல்லாதையும்."

"முழங்கையை உள்ளுக்கு எடுங்கோ. என்ன அத்தான், கோழி மாதிரி."

"இஞ்ச பாரும் மச்சாள், நோர்வேயில ஒரு தடியும் இல்லாமல், கையில வைச்சுத்தான்..."

"நோர்வேயில ஏணியில இருந்து விழேல்லத்தானே."

அவர் சிரித்தார். பொட்டும் அவரோடு சேர்ந்து குலுங்கியது. அந்த நேரம் பார்த்துக் குசினியின் பின்கதவு திறந்தது. முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடிந்து அக்கா வந்தாள். பையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பொட்டு அவள் நெஞ்சில் நின்றது.

அவள் அசையவில்லை. குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள், பிறகு தடிக்குப் பின்னால் இருந்த அத்தானைப் பார்த்தாள். நான் பாய்ந்து லேசரை நிறுத்தினேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரித்தான் இருந்தோம். சித்திரையில் அக்கா ஷிப்ட் முடிந்த கையோடு, போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நிற்பாள். வீட்டுக்கு வந்தால் வீடியோ. மணலில், தண்ணீருக்குள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்கள். எங்கள் பெரியம்மாவின் மகன் வன்னியில் இருந்தான். வைகாசிக்குப் பிறகு அவனை முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார், அது வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். யாரும் போய்த் தேட முடியாது. அக்கா வீடியோ பார்ப்பதை விட்டாள். கதைப்பதையும் பாதி விட்டாள். அத்தான் எப்போதும் பகிடிக்காரர், அவரும் வேலை முடிந்தால் வாசலில் நிறுத்திய வானுக்குள்ளேயே கன நேரம் இருந்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கொம்புக் கதையோடு வந்த அன்றைக்குத்தான் கன மாதத்துக்குப் பிறகு அவர் குரல் வாசலிலேயே கேட்டது. அதனால்தான் நானும் மொப்பும் கையுமாக நின்றேன். எனக்கு மான் முக்கியமில்லை.

"இந்த வருசம் போதாதோ உங்களுக்கு?" என்றாள் அக்கா.

அத்தான் தடியைச் சுவரில் சாய்த்தார்.

"நான் மறிக்கேல்ல, போங்கோ," என்றாள். "ஆனா அது ஓடக்கூடாது. காயத்தோட ஒரு சீவன் ஓடினது எண்டு நான் கேட்டனெண்டா, அதுதான் கடைசி. பிறகு துவக்கைத் தொடக்கூடாது."

"சரி," என்றார் அத்தான்.

விவகாரம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, அதே இணைய வெள்ளைக்காரரின் சண்டைகளை வாசித்தபோதுதான் தெரிந்தது, இதயத்திலேயே பட்ட மானும் ஓடும் என்று. செத்தது தெரியாமல் உடம்பில் மிச்சமிருக்கிற இரத்தத்தில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு விழும். நின்ற இடத்திலேயே விழ வேண்டுமென்றால் கழுத்தில் சுட வேண்டும். கழுத்து ஒடுக்கம். கொஞ்சம் பிசகினால் அதைவிட மோசமான காயம் இல்லை.

வானுக்குள் வைத்துக் கேட்டேன். "இது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் சரி எண்டனீங்கள்?"

"அவ நிண்ட நிலையில எனக்கு வேற சொல் வரேல்ல, பிள்ளை." இண்டிகேட்டரைப் போட்டார். "கழுத்தில சுடுறதெண்டா ஆட்டமே இருக்கக்கூடாது. அதுக்கு ஏத்த தடியா எடுப்பம்."

ஆக, ஒரு வேட்டை நாளுக்காகத் தேடத் தொடங்கிய தடியில் இப்போது அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

லண்டனின் தெற்கு விளிம்பில் வேட்டைச் சாமான் விற்கிற கடை. வாசலில் பச்சைப் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே கம்பளிக் காற்சட்டை அணிந்த கிழவர், ஆசிரியர் மாதிரி. எங்களைக் கண்டதும், வழி தவறி வந்துவிட்டீர்களோ என்ற மரியாதையோடு எழுந்தார். அத்தான் கலைமான் கதையை அவிழ்த்துவிட்டதும் ஆள் இளகி, மரத்தால் செய்த போலித் துவக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நானும் அத்தானும் கடை நடுவில் நின்று தமிழில் சண்டை பிடித்தோம்.

கிழவர் காட்டியது அலுமினியத்தில் மூன்று கால், இழுத்தால் நீளும், அழுத்தினால் குறுகும். எனக்கு அதுதான் பிடித்தது. அத்தான் அதை நீட்டினார். டிக், டிக், டிக்.

"மணி அடிச்சு மானைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. தொட்டா குளிருது வேற. மரம்தான்."

"மரத்தை நீட்ட ஏலாது அத்தான். இடம் மாறினா?"

"பவனியில தடியைக் கூட்டிக் குறைக்கிறதோ?"

அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் பங்கின் திருநாளில் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமக்கிறவர்களில் அத்தானும் ஒருவர். சுமக்கிற ஒவ்வொருவர் கையிலும், நுனி இரண்டாகப் பிரிந்த ஒரு கவைத்தடி இருக்கும். செபத்துக்காகப் பவனி நிற்கும்போது தடியைத் தோளின் பக்கத்தில் ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். பாரம் தோளிலிருந்து தானாகவே கவைக்கு இறங்கும். மாதா ஆடமாட்டா. அந்தத் தடிகளை ஆளின் தோளுக்கு அளந்து ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான். கோயில் கார் நிறுத்துமிடம் எந்த வருடமும் ஒரே மட்டம்.

அத்தான் கிழவரின் மரத்தடிகளை ஒவ்வொன்றாகத் தோளோடு வைத்துப் பார்த்தார். கவைக்குள் துவக்கை வைத்தார். முழங்காலைத் தளர்த்தினார். துவக்கின் முனை அப்படியே உறைந்தது. கிழவர் புருவத்தை உயர்த்தி, "இப்படி ஒருவரும் செய்து நான் பார்த்ததில்லை," என்றார் ஆங்கிலத்தில். பிறகு எங்கள் சண்டையின் சாரம் பிடிபட்டதோ என்னவோ, "சரிவில் நிற்கப் போகிறீர்களென்றால் யோசியுங்கள்," என்றும் சொன்னார்.

நாங்கள் யோசிக்கவில்லை. கால் மூன்றாக இருக்க வேண்டும் என்ற என் பக்கமும், மரமாக இருக்க வேண்டும் என்ற அவர் பக்கமும் வென்றுவிட்டன. இருவருக்கும் திருப்தி. தோளுயரத்துக்கு, நீளம் மாறாத, மூன்று கால் மரத்தடி. இரண்டு பேர் விட்டுக்கொடுத்து எடுத்த முடிவு தனியே எடுத்த முடிவைவிட நல்லதாக இருக்கும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன்.

நவம்பரில் போனோம். பண்ணை வேட்டைக்காரர் மெலிந்த மனிதர், ஒரு வசனத்துக்கு இரண்டு சொல்லுக்கு மேல் செலவழிக்காதவர். மேடுபள்ளமில்லாத புல்வெளியில் காகித மானை நட்டுவிட்டு, "சுடுங்கள்," என்றார். அத்தான் தடியை ஊன்றினார், முழங்காலைத் தளர்த்தினார். மூன்று ஓட்டையும் ஒரு கைப்பிடிக்குள். கழுத்துக்குப் போதும். அத்தான் என்னைப் பார்த்தார். நான் பெருவிரலைக் காட்டினேன். "நல்லது," என்றார் வேட்டைக்காரர். அது அவருக்கு ஒரு பிரசங்கம்.

பின்னேரம் காட்டோரம் மூவரும் வரிசையாக நடந்தோம். எனக்கு மூச்சுவிடவே பயம். என்னுடைய ஜாக்கெட் சரசரக்கிறது என்று வேட்டைக்காரர் தன் பழைய கம்பளிக் கோட்டை எனக்குப் போட்டிருந்தார். நாய் மணம். காய்ந்த பன்னைச் செடிகள், பெரணி வகை, செம்பழுப்பாக இடுப்பளவுக்கு நின்றன. சரிவின் விளிம்பில் அவர் கையைத் தாழ்த்தினார். கீழே, திறந்த இடத்தில், ஓர் இளம் ஆண் மான். தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது.

அத்தான் தடியை விரித்தார். முன்கால் சரிவில் கீழே போய்விட்டது. பின்காலை இழுத்தால் கவை சரிந்தது. நிமிர்ந்து நிற்கவும் முடியவில்லை, கீழே பார்த்துச் சுடத் தடி உயரம். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது என்பது சரிதான். ஆடாமலே கோணலாக நிற்கலாம் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். அழுத்தினால் குறுகுகிற அலுமினியம் கடையில் கிடந்தது.

அவர் பதறவில்லை. தரையில் உட்கார்ந்தார். தடியின் ஒரு காலை மடித்துவிட்டு, மற்ற இரண்டையும் நன்றாக அகட்டி, கவையைத் தன் முகத்தளவுக்கு இறக்கினார். துவக்கை வைத்தார். நான் பின்னாலிருந்து குழலின் முனையைப் பார்த்தேன். பக்கவாட்டில், மிக மெல்ல, போய்வந்தது. பாயிலரில் இரண்டு காலுக்கு ஆடிய அதே ஆட்டம். மான் தலையை உயர்த்தியது. கழுத்து நீண்டு, வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்தில் சுட்டால் நின்ற இடத்திலேயே விழும். வாக்கும் நிலைக்கும்.

முனை கழுத்தில் நின்றது. நகர்ந்தது. திரும்ப வந்தது. பிறகு அத்தான் ஒரு மூச்சு விட்டார். குழலைக் கீழே, முன்னங்காலுக்குப் பின்னால் இருக்கிற அகலமான நெஞ்சுக்கு இறக்கினார்.

என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கியது. சத்தம் கேட்டது.

மான் ஒருமுறை துள்ளி, பன்னைக்குள் பாய்ந்து, ஓடியது.

"நல்லது," என்றார் வேட்டைக்காரர். கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கச் சொன்னார். அதைத் தன்பாட்டில் படுக்க விட வேண்டுமாம். அத்தான் தடியைப் பிடித்தபடி பன்னையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போனால் மான் நின்ற இடத்தில் கொஞ்சம் இரத்தம், பிறகு ஒன்றும் இல்லை. செம்பழுப்பில் சிவப்பு தெரியவில்லை. வெளிச்சமும் மங்கிக்கொண்டு வந்தது. வேட்டைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். குறி சரி, அது செத்துத்தான் கிடக்கும், காலையில் நாயோடு வந்து எடுக்கிறேன் என்றார். அன்று அவர் பேசிய மிக நீளமான வசனம் அது. அத்தான் ஆங்கிலத்தில் மரியாதையாக, "இல்லை," என்றார். முழங்காலில் இறங்கி, முள்ளுக்கும் பன்னைக்கும் கீழே கையால் தடவிக்கொண்டு போனார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேட்டைக்காரர் ஒரு கணம் நின்றுவிட்டுத் தானும் இறங்கினார். நாய் மணக்கிற கோட்டோடு நானும்.

நான்தான் கண்டேன் என்று சொல்ல ஆசை. இல்லை, அத்தான்தான். விழுந்துகிடந்த ஒரு மரத்துக்கு அந்தப்பக்கம். மான் பக்கவாட்டில் படுத்திருந்தது. தடியின் நுனியால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாம். தொட்டார். இமை அசையவில்லை. அத்தான் மண்ணில் அப்படியே இருந்துவிட்டார்.

திரும்பி வரும்போது வானுக்குள் நான் அத்தானுக்காக வாதாடுகிற சட்டத்தரணியாக மாறினேன்.

"ஓடினது எண்டு சொல்லாதேங்கோ. அது ஓட்டமே இல்லை அத்தான். மூளைக்குச் சேதி போறதுக்கு முதலே..."

"பேசாமல் வாரும் மச்சாள்."

"கழுத்தில சுட்டிருக்கலாம். முனை நிண்டது, நான் பாத்தனான்."

"நிண்டது. நிக்கும் எண்டு எனக்குத் தெரியேல்ல." கொஞ்சத் தூரம் வானை ஓட்டிவிட்டுச் சொன்னார்: "வாக்கைக் காப்பாத்துறதுக்காக அதை வதைக்க ஏலாது."

அக்கா குசினி மேசையில், செருகல் வைத்த காலின் பக்கமாக இருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பவில்லை. மான் பண்ணையிலேயே தொங்குகிறது, இறைச்சி பிறகு வரும் என்று நான் அவசரமாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஓடினதோ?"

"ஓம்," என்றார் அத்தான்.

"அக்கா, அது எப்பிடியெண்டா, இதயத்தில பட்டாலும்..."

"நீ சும்மா இரு." அவரிடமே கேட்டாள். "பிறகு?"

"பன்னைக்குள்ள போயிட்டுது."

"தேடினீங்களோ?"

"தேடினனாங்கள்."

"கண்டனீங்களோ?"

"கண்டனாங்கள். செத்துக் கிடந்தது. கண்ணைத் தொட்டுப் பாத்தனான்."

அவள் அவருடைய காற்சட்டையைப் பார்த்தாள். முழங்கால் இரண்டும் மண், ஒரு பக்கம் முள்ளுக் கிழித்து நூல் தொங்கியது. கைகளிலும் கீறல்.

"எவ்வளவு நேரம் தேடினீங்கள்?"

"காணும் வரைக்கும்."

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேசை ஆடவில்லை, கோயில் நோட்டீஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, அவள் கேட்டுக்கொண்டிருந்தது மானைப் பற்றி மட்டும் இல்லை, வன்னியில் தொலைந்தவனைப் பற்றியும்தான் என்று. என்னுடைய இதயம், மூளை, சேதி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"காற்சட்டையைக் கழட்டித் தாங்கோ," என்றாள் கடைசியில். "மண் காய முந்தி ஊறப் போடோணும்."

அவர் தடியைப் பின்கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிப் பக்கம் வைக்கப் போனார். பிறகு துவக்கைத் தொடக்கூடாதென்று அவள் சொன்னது நினைவில் இருந்திருக்கும்.

"உந்தத் தடியை ஏன் வெளியில கொண்டு போறீங்கள்? மழைக்கு உக்கிப் போகும். துடைச்சுப் போட்டு உள்ளுக்கு வையுங்கோ."

அத்தான் கதவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். பிறகு துடைத்தார். மூன்று காலையும், கவையையும், கண்ணைத் தொட்ட நுனியை இரண்டு தரமும். வீட்டில் ஈரம் பிடிக்காத இடம் ஒன்றுதான். பாயிலருக்குப் பக்கத்தில், அழுத்தமானிக்குக் கீழே அதைச் சாய்த்து வைத்தார்.